பதிலுக்கு ஒரு படம்

வாரம் ஒரு கோட்டை அனுப்புகிறாள் வாசுகி.
இரவுப் பணி முடித்த கண்ணோடு
ஆட்டுப்பட்டி தாண்டி, சேற்றில் பூட்ஸ் புதையப்
போய் நிற்கிறாள் இடிந்த கோபுரங்களின் அடியில்.
இந்த வாரத்துக் கோட்டைக்குக் கூரை இல்லை.
அகழியில் இரண்டு வாத்து.
நுழைவுச்சீட்டு ஒன்பது பவுண்டு,
வாத்துக்கு இலவசம் என்று எழுதியிருந்தாள்.
கீழே இன்னொரு வரி:
உங்க ஊர்ல பழசுன்னு என்ன இருக்கு,
எழுபதுல கட்டின ப்ளோக்கா?

உங்க ஊராம்.
தோ பாயோவில் என்னோடு ஒரே கட்டிலில்
தலைமாடு கால்மாடாகப் படுத்தவள்.
அவள் உதைத்த உதை இன்னும் விலாவில் இருக்கிறது.

சனிக்கிழமை எனக்கு பஸ் இல்லை.
ஓட்டத்தான் இல்லை,
ஏறிக்கொள்ள எப்போதும் உண்டு.
தோபி காட்டில் இறங்கி
கன்னிங் மலைப் படிகளில் ஏறினேன்
அவளுக்கு ஒரு கோட்டையைப் பிடித்து அனுப்ப.

மேலே வாசல் இருந்தது.
யானை முட்டினாலும் தாங்கும் கதவு
திறந்தே கிடந்தது.
பக்கத்தில் கொஞ்சம் சுவர். அப்புறம் புல்.
கோட்டையைத்தான் காணோம்.
கதவை அடைத்து உள்ளே உட்கார்ந்திருந்தால்
எதிரி சுற்றிக்கொண்டு நடந்தே வந்துவிடுவான்,
நனைந்த சட்டையோடு, தண்ணீர் கேட்டு.

வாசலில் கல்யாணப் படம் எடுத்தார்கள்.
மணப்பெண்ணின் வெள்ளை வலை
கதவு இரும்பில் மாட்டிக்கொண்டது.
மாப்பிள்ளை கோட்டுக்குள் உருகிக்கொண்டிருந்தார்.
நான்தான் குனிந்து விடுவித்தேன், ஒரு நூல்கூட அறாமல்.
தேங்க்ஸ் ஆன்ட்டி,
கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க.

தள்ளி நின்றேன்.
தள்ளிக்கொண்டே போனதில் ஒரு குழி வந்தது,
கூரை போட்டு மூடிய, தோண்டி நிறுத்திய குழி.
எழுநூறு வருஷத்துக்கு முன்
இந்த மேட்டில் அரசன் இருந்தானாம்.
புக்கிட் லாராங்கான், ஏறக்கூடாத மலை.
அரண்மனையை மரத்தில் கட்டினார்களோ என்னவோ,
மரம் மண்ணோடு மண்.
மிஞ்சியதெல்லாம் பீங்கான் சில்லு,
என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னக் கண்ணாடி மணி.
யார் கழுத்திலிருந்து அறுந்ததோ,
அன்றைக்கு எவ்வளவு தேடினாளோ.

மலையின் வயிற்றில் இப்போது தண்ணீர்த் தொட்டி.
அதைச் சுற்றி வேலி,
வேலியில் நாலு மொழியில் எச்சரிக்கை.
இன்னமும் ஏறக்கூடாத இடம்தான்.

இறங்கி மியூசியத்துக்குள் போனேன்,
உண்மையைச் சொன்னால், ஏர்கானுக்காக.
அங்கே அந்தக் கல்.
ஆற்று வாயில் ஆள் உயரத்துக்கும் மேலே நின்ற பாறை.
வெள்ளைக்காரன் இடம் அகலப்படுத்த
வெடி வைத்ததில் தப்பிய துண்டு.
மேலே எழுத்து, வரிவரியாக.
எந்த மொழி என்று இதுவரை யாரும் அடித்துச் சொல்லவில்லை.
ஒரு நாளைக்கு நூறு நிறுத்தத்தின் பெயரை வாசிப்பவள்,
கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தேன்.
ஓடுகிற பஸ்ஸில் யாரோ எழுதிய
மளிகைப் பட்டியல் மாதிரி இருந்தது.
ஒரு சுழி 'ழ' ஆகப் பார்த்தது,
பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டது.

படம் எடுத்தேன்.
கல்லின் மேல் என் முகமும்
கையில் போனும் சேர்ந்தே விழுந்தன.
அழிக்காமல் அப்படியே அனுப்பினேன்.

அங்கே காலை எட்டு மணி,
ஷிப்ட் முடிந்து வந்திருப்பாள்.
என்னடி எழுதியிருக்கு?
தெரியாது.
டிக்கெட் எவ்வளவு?

நமக்கு இலவசம் என்று தட்டினேன்.
அனுப்பும் முன் ஞாபகம் வந்தது:
போன வருஷம் பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டாள்.
'நமக்கு' என்பதை அழித்தேன்.
'எனக்கு' என்று போட்டேன். அதையும் அழித்தேன்.
வெறும் 'இலவசம்' போனது.

கொஞ்ச நேரம் மூன்று புள்ளி ஆடியது, நின்றது, ஆடியது.
பிறகு வந்தது:
நான் வந்தா?

நீதான் வாத்தாச்சே, என்று எழுதினேன்.


சிரிக்கிறாளா என்று
கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.